ஒத்து

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு சிறு பத்திரிகையில் நான் எழுதிய மதிப்புரையில் ஒரு வாக்கியம் இருந்தது. குறிப்பிட்ட விமர்சகர் ஒருவர் குறிப்பிட்ட கவிஞருக்கு ஒத்து ஊதுகிறார் என்பது அதன் சாரம். எழுதும்போதே எனக்கு அது பிடித்திருந்தது. அச்சில் பார்த்தபோது இன்னும் பிடித்தது. நூற்றைம்பது பேர் படிக்கிற பத்திரிகை. அதில் நாலைந்து பேர் அந்த வாக்கியத்தைக் குறிப்பிட்டே கடிதம் போட்டார்கள். நூற்று ஐம்பத்தோராவது ஆளாக அப்பா அதைப் படித்துவிட்டார். ஜன்னல் விளிம்பில் டீ டம்ளருக்கு அடியில் நான்தான் பத்திரிகையை வைத்திருந்தேன். டம்ளரை எடுத்தவர் பக்கத்தைப் புரட்டியிருக்கிறார். "இந்த எடத்துக்கு உனக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா?" என்று கேட்டுவிட்டுத் தறிக்குழியில் போய் இறங்கினார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அப்பாவின் அப்பா ஒத்துக்காரர்.

நாகஸ்வரம் பார்த்தவர்களில் பலருக்கு ஒத்தைப் பார்த்த ஞாபகம் இருக்காது. நாகஸ்வரத்தின் சாயலிலேயே நீளமான மரக்குழாய், கீழே அதே மாதிரி அணைசு, மேலே சீவாளி. விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. அடிப்பக்கத்தில் இருக்கிற சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்துகொள்வார்கள். அதன் பிறகு கச்சேரி முடிகிறவரை ஒரே ஸ்வரம், ஆதார ஷட்ஜம். மூச்சு அறக்கூடாது. கன்னத்தில் காற்றைச் சேர்த்துவைத்து அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். நாகஸ்வரம் கற்றுக்கொள்ள வருகிற பையனை முதலில் ஒத்து ஊதச் சொல்வது வழக்கம். மூச்சு பழகும், காதில் சுருதி நிற்கும் என்று. அங்கிருந்து மேலே போனவர்கள் வித்வான்கள் ஆனார்கள். போகாதவர்கள் ஒத்திலேயே தங்கினார்கள். தாத்தா தங்கினவர். மேளத்துக்குக் கிடைக்கிற தொகையில் கடைசிப் பங்கு ஒத்துக்கும் தாளத்துக்கும் என்பதால், அப்பாவைப் பன்னிரண்டு வயதில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியில் கொண்டுபோய் விட்டார்.

எனக்கு ஞாபகமிருக்கிற தாத்தா ஊர்வலத்து தாத்தா. வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம். சுவாமி அடுத்த தெருவில் திரும்பும்போது நாகஸ்வரம் காற்றில் வந்து வந்து போகும். தவில் மட்டும் தனியாகக் கேட்கும். இரண்டுக்கும் அடியில் ஒரு கோடு மாதிரி அந்த ஒற்றை ஸ்வரம் அறாமல் வந்துகொண்டிருக்கும். "உங்க தாத்தா வராரு" என்று பாட்டி சொல்வாள். பள்ளிக்கூடத்தில் விஷயம் தெரிந்தபோது எனக்குப் பட்டப் பெயர் வைக்க யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வார்த்தை தயாராகவே இருந்தது. ஜால்ரா, ஒத்து, பின்பாட்டு என்று நம் மொழியில் இகழ்ச்சிச் சொற்களில் ஒரு பகுதி இசைக் கருவிகளிலிருந்தும் இசைக்காரர்களிடமிருந்தும் எடுத்ததுதான். முன்னால் உட்கார்ந்திருப்பவரைத் தவிர மற்ற எல்லோரையும் வசவாக்கியிருக்கிறோம்.

1986-ல் தாத்தாவின் மேளத்துக்கு ஒரு மின்சாரச் சுருதிப் பெட்டி வந்தது. அதற்கு முன்பே துருத்தி வைத்த சுருதிப் பெட்டி பல மேளங்களில் ஒத்தின் இடத்துக்கு வந்துவிட்டிருந்தது. எழுபதுகளின் இறுதியில் பெங்களூரில் மின்னணுச் சுருதிப் பெட்டி செய்ய ஆரம்பித்த பிறகு அந்தத் துருத்தியை அமுக்குவதற்கும் ஆள் வேண்டாமென்றாயிற்று. "பெரியவரு இனிமே செரமப்பட வேணாம்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். தாத்தா அடுத்த நாலு வருஷம் திண்ணையில் இருந்தார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கன்னம் உப்பும், வற்றும். அவருக்கே அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஒத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாயிற்று.

இதெல்லாம் நான் மதிப்புரை எழுதியபோது எனக்குத் தெரிந்தவைதான். தெரிந்துகொண்டேதான் அந்த வாக்கியத்தை எழுதினேன்.

கிதார் எனக்குப் புதிதல்ல. கல்லூரி நாட்களில் மெல்லிசைக் குழு ஒன்றில் மூன்று வருஷம் கல்யாண வீடுகளில் தட்டியிருக்கிறேன். பாடகருக்குப் பின்னால் நின்று கார்ட் போட்டுக்கொண்டிருப்பது, அதாவது அதுவும் ஒரு ஒத்து. பின்னால் விட்டுவிட்டேன். ஆறு வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு பையன், அசுர வேகத்தில் கத்திப் பாடுகிற ஒரு குழுவில் வாசித்தவன், வெளிநாட்டுக்குப் போகிற அவசரத்தில் விற்ற ஏழு தந்தி எலெக்ட்ரிக் கிதார் கைக்கு வந்தது. வழக்கமான ஆறு தந்திக்கு அடியில் இன்னொரு தடித்த தந்தி. அந்த இசைக்காரர்களுக்கு அது உறுமுவதற்கு.

ஏழாவது தந்தி அவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1930-களின் இறுதியிலேயே அமெரிக்காவில் ஜார்ஜ் வான் எப்ஸ் என்ற ஜாஸ் கலைஞர் ஏழு தந்தி கிதார் செய்துகொண்டார். மேலே ராகத்தை விட்டுவிடாமல் கீழே மந்தரத்தையும் தானே வாசித்துக்கொள்ள ஆசைப்பட்டவர் அவர். 1990-ல் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் கம்பெனி ஒன்று செய்து விற்ற பிறகுதான் இளைஞர்களிடம் பரவியது. இப்போது எட்டு, ஒன்பது என்று போய்க்கொண்டிருக்கிறது. நம் பக்கத்தில் நடந்த காரியம் இதைவிடச் சுவாரஸ்யமானது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எட்டுத் தந்தி மாண்டலினில் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவதாக ஒன்று சேர்த்துக் கீழ் ஸ்தாயியைப் பிடித்தார். தந்தியைக் குறைத்து எல்லையைக் கூட்டிய கணக்கு. காஞ்சிபுரத்துக்கு அதிகத் தூரமில்லாத ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா சாதாரண கிதாரிலேயே, தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுத்து, கீர்த்தனைகளை அவற்றின் கமகங்களோடு வாசித்துக்காட்டினார். அவருக்கு முன்னால் சுகுமார் பிரசாத். ஆனால் என்னைத் தூண்டியது ஜான் மக்லாஃப்லின் 'சக்தி' குழுவுக்காகச் செய்துகொண்ட கிதார். 1975-ஐ ஒட்டி ஆபிரகாம் வெக்டர் அவருக்குச் செய்து கொடுத்தது. மெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குடைந்திருப்பார்கள், தந்தியை அமுக்கி இழுக்க வசதியாக. ஆறு தந்திகளுக்கும் அடியில், வாத்தியத்தின் வாய்க்குக் குறுக்கே சாய்வாக இன்னும் ஏழு தந்திகள், சுருதிக்காகவே. மக்லாஃப்லின் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். வீணையில் வாசிக்கிற தந்தி நாலு, பக்கத்தில் சும்மா மீட்டுகிற தாளத் தந்தி மூன்று. மொத்தம் ஏழு. ஒரு தனி மனிதன் மேடையில் தானே வித்வானாகவும் தானே ஒத்துக்காரனாகவும் இருக்க வீணையில் இடம் செய்து வைத்திருக்கிறார்கள். கிதாரில் அந்த இடம் இல்லை. ஏழாவது தந்தி வந்ததும் இருக்குமென்று தோன்றியது.

சுருதியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தொழில் விஷயம் அலுப்பாக இருப்பவர்கள் இரண்டு பாராக்களைத் தாண்டிவிடலாம்.

இரண்டு கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொண்டேன். கிதாரின் நாலாவது தந்தியும் ஐந்தாவது தந்தியும் அப்போது தொடாமலே மத்திய ஷட்ஜமும் மந்தர பஞ்சமமும் ஆகிவிடுகின்றன. ஆறாவதையும் ஏழாவதையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் மந்தர ஷட்ஜம், அநுமந்தர பஞ்சமம். முதல் தந்தியையும் இரண்டாவதையும் அதே அளவு இறக்கினால் தார ஷட்ஜம், மத்திய பஞ்சமம். மீதி நிற்பது மூன்றாவது. அதை ஒரு முழு ஸ்வரம் ஏற்றி இன்னொரு பஞ்சமமாக்கப் பார்த்தேன். தந்தியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஒரு ஸ்வரம் ஏற்ற நாலில் ஒரு பங்குக்கும் மேலாக இழுவிசை கூட வேண்டும். நடுராத்திரியில் தந்தி அறுந்து கன்னத்தில் கோடு போட்டது. அடுத்த தந்தியை எதிர்த்திசையில், நாலாவதுக்குச் சமமாக, ஷட்ஜம் வரை இறக்கினேன். இப்போது இழுவிசை பாதிக்குச் சற்றே மேல். தந்தி கொடிக்கயிறு மாதிரி தொய்ந்து மெட்டுகளில் உரசி ரீங்கரித்தது.

கிதார்க்காரனுக்கு அந்த ரீங்காரம் பிழை. கடைக்குக் கொண்டுபோனால் அதை எடுத்துத்தான் கொடுப்பார்கள். நானும் அதை எடுக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து, நாலு, மூன்று, ஆறு என்ற வரிசையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக மீட்டியபோது ஒரு நிமிஷம் கையை நிறுத்திவிட்டேன். பஞ்சமம், ஷட்ஜம், ஷட்ஜம், மந்தர ஷட்ஜம். நடுவில் ஒரு தம்பூரா உட்கார்ந்திருந்தது. மேலே இரண்டு தந்தி வாசிக்க, அடியில் ஒன்று ஆழத்துக்கு. இதை நான் யோசித்துச் செய்யவில்லை. அறுந்த தந்தி செய்தது.

மேற்கே கிதாரைத் திறந்த சுருதிக்கு மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காந்தாரத்தையும் உள்ளே வைத்துவிடுகிறார்கள். மீட்டினாலே முழு கார்ட் வரவேண்டும் என்பதற்காக. அது சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் உதவும். கரஹரப்பிரியாவை எடுத்த மாத்திரத்தில் கழுத்தைப் பிடிக்கும். தம்பூராவுக்குக் காந்தாரம் தேவையில்லை. அது தானாக ஒன்றைத் தருகிறது. மந்தர ஷட்ஜத் தந்தியை நன்றாகச் சுருதி சேர்த்துவிட்டுக் காதைக் கொடுத்தால் அதிலிருந்து அந்தர காந்தாரம் எழுந்து வரும். ஐந்தாவது மேல்தொனி. யாரும் வாசிக்காத ஸ்வரம்.

இந்த மேல்தொனிகளை இவ்வளவு பலமாக எழுப்புவது குதிரை. வீணை, தம்பூரா இவற்றின் குதிரை அகலமாக, லேசான வளைவோடு இருக்கிறது. அதிர்கிற தந்தி அந்த வளைவில் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தந்தியை ஒரு புள்ளியில் மீட்டினால் அந்தப் புள்ளியில் கணு உள்ள மேல்தொனிகள் வரக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. நம் வாத்தியங்களில் அவையும் வருகின்றன என்று சி.வி. ராமன் 1921-ல் எழுதினார். தம்பூராவில் இன்னும் ஒரு தந்திரம். குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நூல். ஜீவாளி என்பார்கள். நூலை மயிரிழை முன்னே பின்னே நகர்த்தினால் தந்தி உயிர் பெறுகிற இடம் ஒன்று வரும். பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

கிதாரின் குதிரையில் தந்தி கத்தி முனை மாதிரி ஒரு இரும்பு விளிம்பின் மேல் நிற்கிறது. அங்கே நூல் வைத்து ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்த ஆசாரி ஒருவரிடம் சொல்லி, விரல் அகலத்துக்கு ஒரு எலும்புத் துண்டைத் தேய்த்து வளைவு கொடுத்து, குதிரைக்குச் சற்று முன்னால் மூன்றாவது நாலாவது தந்திகளுக்கு அடியில் பொருத்தினேன். அந்த இரண்டு தந்திகளை இனி மெட்டில் அமுக்கி வாசிக்க முடியாது, சுருதி பிசகும். அவை ஒத்துக்கென்றே போய்விட்டன. நூலுக்கு அப்பாவிடம் போனேன். என்னத்துக்கு என்று கேட்டார். சொன்னேன். பதில் சொல்லாமல் தறிப் பக்கம் தேடி, சாயம் போடாத கோரா இழை இரண்டைத் தொடையில் வைத்து முறுக்கிக் கொடுத்தார். சாயம் போட்டுப் பசை போன பட்டு வழுக்குமாம். முழங்கால் வலியால் அப்போது அவர் தறியில் உட்காருவதை நிறுத்திவிட்டிருந்தார். பாவு இழையின் இறுக்கத்தைக் கையால் தடவியே சொல்கிறவர். என் மூன்றாவது தந்தியைத் தடவிப் பார்த்து, "இவ்ளோ தொய்வா இருந்தா எப்பிடி நிக்கும்?" என்றார். தடித்த தந்தியாக மாற்றினேன். கொஞ்சம் நின்றது.

அதற்குப் பிறகு வந்த சங்கடம் காந்தாரத்தில். சங்கராபரணத்தின் காந்தாரம் அதிகம் ஆடாத ஸ்வரம், நிற்கிற ஸ்வரம். மெட்டில் விரலை வைத்து அதை நிறுத்தினால் கீழே தம்பூராத் தந்திகளிலிருந்து எழுகிற காந்தாரத்தோடு அது மோதியது. காரணம் எளிது. கிதாரின் மெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியவை. பஞ்சமத்தில் அதனால் பெரிய நஷ்டமில்லை. காந்தாரத்தில் அரை ஸ்வரத்தின் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு ஏறிவிடுகிறது. என் சுருதியில் கணக்குப் போட்டால் விநாடிக்கு ஏறக்குறைய ஆறு தடவை அடித்துக்கொள்ள வேண்டும். அதேதான் கேட்டது, கதவிடுக்கில் மாட்டிய வண்டு மாதிரி. கார்ட் வாசித்துக்கொண்டிருந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட இந்தச் சத்தம் என் காதில் பட்டதில்லை. நிற்கிற சுருதி ஒன்று கீழே இருந்தால்தான் மேலே நடக்கிற பிசகு தெரிகிறது. ஒரு மெட்டு கீழே, சாதாரண காந்தாரத்தில் விரலை வைத்து, அந்தரத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வரை தந்தியை இழுத்து நிறுத்தப் பழகினேன். வண்டு ஓய்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதைக் காது சொல்லும், கண் சொல்லாது. ஆறு மாதம் ஆயிற்று.

காஞ்சிபுரத்தில் நாயனாப் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் சங்கீதம் பேச முடியாது. 1934-ல் மறைந்தவர். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம் வைத்துக்கொண்டு லயத்தில் எல்லோரையும் எதிர்கொண்டவர் என்று கேட்டே வளர்ந்தோம். அந்தக் கூட்டத்தில் தம்பூரா போட்டவர் யார் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பஞ்சமம் இல்லாத ராகங்கள் இருக்கின்றன. ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி. கர்நாடகக் கச்சேரியில் அவற்றைப் பாடும்போதும் தம்பூராவில் பஞ்சமம் போய்க்கொண்டேதான் இருக்கும். வடக்கே மால்கௌன்ஸ் பாடுகிறவர் தம்பூராவின் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்கிக்கொள்கிறார். கிதாரில் அது திருகாணியை இரண்டு திருப்புத் திருப்புகிற வேலை. ஒரு சாயங்காலம் ஐந்தாவது தந்தியை மத்யமத்துக்கு இறக்கிவிட்டு ஹிந்தோளம் வாசித்தேன். எப்போதும் ஹிந்தோளத்தில் நடுவில் துருத்திக்கொண்டு நிற்கிற பஞ்சமம் இல்லை. மத்யமத்தில் போய் நின்றபோது வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறதே என்ற பேராசையில் ஏழாவது தந்தியையும் அநுமந்தர மத்யமத்துக்கு இறக்கிப் பலமாக மீட்டினேன். அறையின் தரை அதிர்ந்தது.

திண்ணையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என்ன, சுத்த தன்யாசிக்குப் போயிட்ட?"

நான் போகவில்லை. அதே ஐந்து மெட்டுகளில்தான் விரல் போய்க்கொண்டிருந்தது. கீழே மத்யமம் கனத்துப்போனதில் காது அதையே ஷட்ஜமாக எடுத்துக்கொண்டுவிட்டது. ஹிந்தோளத்தின் மத்யமத்தை ஷட்ஜமாக வைத்து எண்ணினால் வருவது சுத்த தன்யாசி. கிரகபேதம் என்று பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களையும் ஒவ்வொன்றாக ஆதாரமாக்கினால் மத்யமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி எல்லாம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மேடையில் பாடகர் வித்தையாக இதைச் செய்து கைதட்டு வாங்குவதைக் கேட்டிருக்கிறோம். அங்கே தம்பூரா நகராது, பாடகர் நகர்ந்த மாதிரி காட்டிவிட்டுத் திரும்பி வருவார். இங்கே மேலே விரல் நகரவில்லை, கீழே நகர்ந்தது. ராகமே போய்விட்டது.

அப்படியானால் ஹிந்தோளத்தை ஹிந்தோளமாக்குவது யார்? வித்வான் ஐந்து ஸ்வரங்களைத் தருகிறார். அவற்றுக்கு என்ன பெயர் என்பதைக் கீழே நிற்கிற ஸ்வரம் தீர்மானிக்கிறது. பொன்னாடை போர்த்திய வித்வானுக்குப் பின்னால் கன்னம் உப்பி உட்கார்ந்திருந்த கிழவர் ஒரு ஸ்வரம் நகர்ந்திருந்தால் அன்றைக்கு அந்த வீதியில் வேறு ராகம் போயிருக்கும்.

பழைய தமிழிசையில் நிற்கிற சுருதி இந்த மாதிரி கட்டாயமாக இருந்ததில்லை போலிருக்கிறது. பாலைகள் திரிந்த முறையைப் பற்றி விபுலானந்தர் 1947-ல் வெளிவந்த யாழ் நூலில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டிருக்கிறார். யாழின் தந்திகளை மாற்றாமல் குரலை, அதாவது ஆதார ஸ்வரத்தை, அடுத்த தந்திக்குக் கொண்டுபோனால் அடுத்த பாலை. செங்கோட்டியாழுக்கு ஏழு தந்தி, பேரியாழுக்கு இருபத்தொன்று. குடுமியான்மலைக் கல்வெட்டில் ஏழு ராகங்களுக்கு ஸ்வரங்களைச் செதுக்கிவிட்டு, எட்டுக்கும் ஏழுக்கும் இவை பொருந்தும் என்ற அர்த்தத்தில் தமிழில் ஒரு குறிப்பு இருக்கிறது. எட்டுத் தந்தி, ஏழு தந்தி வீணைகளைச் சொல்கிறது என்று ஆராய்ச்சியாளர்களில் ஒரு சாரார். அந்தக் கல்வெட்டைக் காஞ்சிப் பல்லவன் மகேந்திரவர்மனுடையது என்பதும் மறுப்பதும் நெடுங்காலமாக நடக்கிறது. அந்தச் சண்டையில் எனக்கு வேலையில்லை. எட்டுக்கும் ஏழுக்கும் என்று படித்தபோது சென்னைப் பையனின் கிதாரைப் பற்றி எழுதியிருக்கிற மாதிரி ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். தம்பூரா வந்தது இதற்கெல்லாம் வெகு காலத்துக்குப் பின்னால். அது வந்த பிறகு குரல் ஊர் சுற்றுவது நின்றது. எல்லா ராகத்துக்கும் ஒரே வாசல்.

நான் எழுதிய மதிப்புரைக்கு வருகிறேன். அந்த விமர்சகரைப் பற்றி அதில் சொன்னதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. கவிஞர் படிமம் எழுதினால் படிமமே கவிதை என்றார். கவிஞர் படிமத்தை விட்டதும் படிமம் செத்துவிட்டது என்றார். கவிஞர் ஒவ்வொரு தொகுப்புக்கும் நகர, இவர் பின்னாலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார். ஒத்து செய்யாத காரியம் அது ஒன்றுதான். உவமை தப்பு. பிடித்த வாக்கியம் என்பதால் அதைப் பன்னிரண்டு வருஷம் நான் சோதிக்கவில்லை. அவரை நான் ஒத்து என்று சொன்னது அவருக்கு நான் கொடுத்த கௌரவம் என்று இப்போது சொன்னால் என் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். 1959-ல் 'எழுத்து' தொடங்கின காலத்திலிருந்து யாப்பை விட்டதைப் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று. விட்டது தாளத்தையா, சுருதியையா என்று பிரித்துப் பார்த்திருக்கிறோமா? தாளம் போனாலும் ஆலாபனை நிற்கும். கீழே ஒன்றுமே இல்லாதபோது நாம் எழுதுகிற ஐந்து ஸ்வரத்துக்கு என்ன பெயர் என்று யார் சொல்வது? எனக்கு விடை தெரியவில்லை. பத்து வருஷமாக என் கவிதைகள் ஏன் எந்த ராகத்திலும் சேராமல் தொங்குகின்றன என்பதற்கு இதில் ஏதோ காரணம் இருக்கிற மாதிரி படுகிறது.

போன மார்கழியில் பரணை ஒழித்தோம். துணிச் சுற்றில் ஒத்து அப்படியே இருந்தது. சீவாளி தூளாகிவிட்டிருந்தது. அடிப்பக்கத் துளைகளில் மெழுகு கறுத்து இறுகியிருந்தது, ஒன்றில் மட்டும் அமுக்கிய நகத்தின் பிறை. தாத்தா கடைசியாகச் சேர்த்த சுருதி அந்த மெழுகுக்குள் இருக்கிறது. ஊத வழியில்லை. வேறு சீவாளி வாங்கிச் செருகலாம் என்று ஒரு நாகஸ்வரக்காரர் சொன்னார். சீவாளி மாறினால் சுருதியும் மாறும் என்றும் அவரே சொன்னார்.

"அவரு சுருதி என்ன?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ரெண்டரைக்குக் கொஞ்சம் கம்மி" என்றார் உடனே. கேட்பேன் என்று காத்திருந்த மாதிரி.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? கிதாரின் தலையில் மாட்டுகிற சுருதி காட்டும் கருவியை எடுத்து வைத்து, எல்லாத் தந்திகளையும் இரண்டிலிருந்து ஏற்ற ஆரம்பித்தேன். இதற்கும் இழுவிசை கூட வேண்டும். போன தடவை கன்னத்தில் விழுந்த கோடு ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் திருகினேன். இரண்டரையில் பச்சை விளக்கு எரிந்தது. அப்பா தலையை அசைத்தார். இறக்கினேன். மறுபடி அசைத்தார். பிறகு அவரே வாயை மூடிக்கொண்டு, மூக்கால், அந்த ஸ்வரத்தைப் பிடித்தார். நாற்பது வருஷமாக அவர் ஒரு பாட்டு முணுமுணுத்து நான் கேட்டதில்லை. எண்பது வயது மூச்சு, நடுவில் அறுந்தது. இழுத்துக்கொண்டு திரும்பவும் அதே இடத்தில் வந்து நின்றார். கருவியில் முள் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் எங்கும் நிற்காமல் ஆடியது. அதைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவுக்குச் சேர்த்தேன். ஐந்து, நாலு, மூன்று, ஆறு. மூன்றாவது தந்தியில் கோரா நூலைக் கொஞ்சம் நகர்த்தினேன். எழுந்தது. அப்பா நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் பனிக்கு மூன்றாவது தந்தி இறங்கியிருந்தது. அப்பா பல் தேய்த்துவிட்டு வரும்வரை காத்திருந்து, திரும்பவும் கூப்பிட்டேன்.